காடி இல்லாத ரோடு

பின்னால் என்ஜின் சத்தம் கேட்டால் நான் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவேன். யோசித்து இறங்குவதில்லை. சத்தம் காதில் விழுந்ததும் இரண்டு கைகளும் பிரேக்கைப் பிடித்திருக்கும், ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும். அந்தக் காடி என்னைத் தாண்டிப் போய்க் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மறுபடி ஏற முடியும். பினாங்கில் காரோ வேனோ எதுவானாலும் நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். ஜார்ஜ் டவுனில் காலை வேளையில் ஒரு காடி போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும். இதில் நான் எப்போது ஏறுவது, எப்போது போய்ச் சேருவது?

முன்பெல்லாம் இப்படி இல்லை. டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து படகுத்துறை வரை சைக்கிள், பிறகு ஃபெர்ரி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி அலுவலகம் வரை மறுபடியும் சைக்கிள். சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை எனக்கு. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு, வருஷக்கணக்கில் இப்படித்தான் போய் வந்தேன். அலுவலகத்தில் இருக்கும் சின்னப் பெண்களெல்லாம் காடிக்குள் உட்கார்ந்து பாலத்தில் ஊர்ந்து வந்து அலுத்துக்கொள்வார்கள். நான் கடல் காற்று வாங்கிக்கொண்டு வந்து சேருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஒரு நாள் காலை, வீட்டை விட்டுக் கிளம்பிச் சற்று தூரம்கூடப் போகவில்லை, பின்னால் ஒரு காடி ஹார்ன் அடித்தது. நீளமாக அடித்தது. நான் ஓரத்துக்கு ஒதுங்கினேன். அவனுக்கு அது போதவில்லை போல. அவன் காடியின் பக்கத்துக் கண்ணாடி என் கைப்பிடியில் தட்டியது. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம் தார் ரோடும் யாரோ ஒருவரின் செருப்புக் காலும்தான். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. இடித்தவன் நிற்கவே இல்லை. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். ஹார்ன் சத்தத்துக்கு எந்தப் படம் எடுத்துக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சைக்கிள் ஹாலில் சுவரில் தொங்கியது; தினமும் இறக்கி வாசலில் ஏறிப் பார்ப்பேன், காடிச் சத்தம் கேட்டதும் இறங்கித் திரும்ப மாட்டிவிடுவேன். சரளைக் கல்லிலும் போகக்கூடிய தடித்த டயர் வைத்த சைக்கிள் அது, ஆசை ஆசையாகத் தேடி வாங்கியது. என் கணவர் மோட்டார் சைக்கிளில் என்னைப் படகுத்துறையில் இறக்கிவிடுவார். சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வார். நல்ல மனிதர்தான். ஆனால் பின்சீட்டில் மூட்டை மாதிரி உட்கார்ந்து போவது எனக்கு ஒவ்வொரு நாளும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"வேலையிடத்துல ஒரு ஆளு உன் சைக்கிளக் கேக்குறாரு. சும்மாதானே தொங்குது, குடுத்துரலாமா?"

"ஏன், அது உங்ககிட்ட சோறு கேட்டுச்சா?"

"கோவப்படாத லா. ஓட்ட முடியலன்னு நீதான சொல்ற. வீட்டு வாசல்லயே ஏறி ஏறி இறங்குற. பாக்க எனக்கே சங்கடமா இருக்கு."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. காடியே வராத ரோட்டுக்குப் போய் ஓட்டிப் பார்ப்பேன். பழைய மாதிரி ஓட்ட முடிந்தால் சைக்கிள் வீட்டில் இருக்கும். முடியாவிட்டால் அன்று சாயங்காலமே அந்த ஆள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், நானே வாசல் வரை தள்ளிக்கொண்டுபோய்க் கொடுப்பேன். வாய்ச் சவடாலாகச் சொல்லிவிட்டேனே ஒழிய, அன்று இரவு சோறு இறங்கவில்லை.

காடி வராத ரோட்டுக்கு எங்கே போவது? கைப்பேசியில் தேடினேன். எங்கெங்கோ இருக்கும் வெள்ளைக்காரர்கள் மலையடிவாரத்துச் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் வீடியோக்களாக வந்து விழுந்தன. பழைய கோட்டைகள், கல் பாலங்கள், ஆட்டு மந்தைகள். மணிக்கணக்காக ஓட்டுகிறார்கள், ஒரு வண்டி குறுக்கே வருவதில்லை. எங்கே போகிறாய், யார் துணைக்கு வருகிறார்கள், குடை எடுத்தாயா என்று கேட்க ஆளே இல்லை. அந்த வீடியோக்களில் யாருக்கும் அண்ணன் கிடையாது.

எனக்கு உண்டு. தாசேக் கெலுகோரில் இருக்கிறார். பல வருஷம் லோரி ஓட்டியவர், இப்போது ஒரு பிக்கப் காடி வைத்துக்கொண்டு அங்கே இங்கே சாமான் ஏற்றுகிறார். அவர் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கிறது. உள்ளே செம்மண்ணும் சரளையும் கலந்த ரோடு கிழக்கே மலையடிவாரம் வரை போகிறது. ஞாயிற்றுக்கிழமை செம்பனைப் பழம் ஏற்றும் லோரிகள் ஓடாது. வரைபடத்தில் அந்த ரோட்டை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். வீடியோவில் பார்த்ததற்கு அது ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. பட்டர்வொர்த்தில் இறங்கியதும் சைக்கிளைத் தோட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அண்ணனுக்குப் போன் போட்டேன். அதுதான் நான் செய்த மகா தப்பு.

"காடியே வராத ரோடா?" என்றார். "அப்ப உனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரு வருவா?"

"அண்ணே, காடி வரக்கூடாதுங்கிறதுக்குத்தான் அங்க போறதே."

"அது சரி. அதான் நான் பின்னாடி காடியில வர்றேன்ல."

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? என்ன சொன்னாலும் கடைசியில் அந்த இடத்திலேயே வந்து நின்றார். கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுங்கள், முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். சரி சரி என்றார். அவருடைய சரிக்கு என்ன அர்த்தம் என்று சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே படகுத்துறைக்கு நடந்து, முதல் ஃபெர்ரியிலேயே கிளம்பிவிட்டேன். படகில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பழைய ஆள் திரும்பி வந்துவிட்டதுபோல ஒரு சந்தோஷம். பட்டர்வொர்த்தில் அண்ணன் பிக்கப்போடு காத்திருந்தார். பின்னால் எட்டிப் பார்த்தேன். ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி, பெரிய குடை, தைலப் பெட்டி, வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள், என் சைக்கிளுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு ட்யூப். கேட்டில் இறக்கிவிட்டுப் போகிறவர் நாற்காலி எதற்குக் கொண்டுவருகிறார்? காலையிலேயே சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தோட்டத்து வாசலில் குறுக்குக் கம்பம் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்கள் உள்ளே போகக்கூடாது என்று பலகை. என் மனசு குளிர்ந்தது. காவலுக்கு இருந்தவர் நம் தமிழ் ஆள்தான். சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, பிக்கப்பைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"காடி விட முடியாதுண்ணே. ரூல்ஸ்."

"என் தங்கச்சி சைக்கிள் ஓட்டப் போவுது தம்பி. போன வருஷம் காடியில அடிபட்ட பொண்ணு. நான் சும்மா பின்னாடி வருவேன், அவ்வளவுதான்."

"அய்யோ, அப்படியா? அப்ப நீங்க கட்டாயம் போவணும்ண்ணே," என்று அவர் கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

நான் அங்கேயே நின்று இரண்டு பேரையும் பார்த்தேன். அவ்வளவு பெரிய தோட்டத்தில் அன்று ஒரு காடிகூடக் கிடையாது. இருந்த ஒரே காடியை நானே போன் போட்டு வரவழைத்திருக்கிறேன்.

ஏறி மிதித்தேன். பின்னால் பிக்கப் உறுமியது. இறங்கினேன். அண்ணனும் நிறுத்தினார். அவர் நிறுத்தினால் என்ன, என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் இருக்கிற வரை நான் ஏற மாட்டேன். நான் ஏறாத வரை அவர் நகர மாட்டார். டவுனிலாவது கண்மண் தெரியாமல் வருகிறவன் என்னைத் தாண்டிப் போய்த் தொலைவான், நான் ஏறிவிடுவேன். இந்தக் காடி தாண்டவும் தாண்டாது, போகவும் போகாது. இரண்டு எச்சரிக்கை விளக்குகளும் மின்ன, ஒரு பாசமுள்ள சனியன் மாதிரி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றது.

"அண்ணே, நீங்க முன்னாடி போயிருங்க."

"முன்னாடி போனா உன்ன எப்படிப் பாக்கிறது?"

"கண்ணாடியில பாருங்க."

"கண்ணாடியில பாத்துக்கிட்டு நான் ஓட்டினா லோங்காங்குல விழுந்துருவேன் லா."

ரோட்டின் ஒரு பக்கம் நீளமாக லோங்காங், மழைத்தண்ணீர் போகிற சாக்கடைப் பள்ளம், ஓடியது உண்மைதான். வெயில் ஏற ஆரம்பித்தது. அவர் என்ஜினை அணைத்தால் கொஞ்சம் ஓட்டுவேன், மறுபடி கிளப்பினால் இறங்குவேன், திரும்பிப் பார்த்துக் கத்துவேன், மறுபடி ஏறுவேன். கேட்டே இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. கடைசியில் சைக்கிளை ரோட்டின் குறுக்கே நிறுத்திவிட்டு, இப்படியே வந்தால் நான் வீட்டுக்குப் போகிறேன், இனிமேல் உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. சத்தம் கேட்காத தூரத்தில் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். என்ஜினை அணைத்துவிட்டு, நான் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றார்.

வளைவு ஒன்றைத் தாண்டினேன். இன்னொன்றையும் தாண்டினேன். பின்னால் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு கிடைத்த அந்தக் கொஞ்ச நேரம்! டயருக்கு அடியில் சரளை நெரிகிற சத்தம். செம்பனை மட்டைகள் காற்றில் உரசுகிற சத்தம். அதைத் தவிர ஒன்றுமில்லை. வடக்கே ஜெராய் மலை உச்சியில் மேகத்தைப் போட்டுக்கொண்டு நின்றது. எனக்கு நேர் எதிரே கிழக்கத்தி மலைகள் ஒவ்வொரு வளைவிலும் கிட்டே வந்தன. செம்பனை முடிந்து ஒரு துண்டு ரப்பர்த் தோட்டம் வந்தது, வெட்டாமல் விட்ட கிழட்டு மரங்கள். ரோட்டோரம் பாசி பிடித்த எல்லைக் கல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் பினாங்கு எது கெடா எது என்று காட்ட நட்டது என்று அண்ணன் முன்பு சொல்லியிருக்கிறார். கெடாப் பக்கம் இந்த மாதிரி மலையடிவாரத்தில்தான் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட செங்கல் கோவில்களின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்தார்கள். ஜெராய் மலையை அடையாளம் பார்த்துக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் நடந்த மண். அவர்களுக்குப் பின்னாலும் யாரும் பிக்கப்பில் வந்திருக்க மாட்டார்கள்.

நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். தோளைக் காதோடு சேர்த்து இறுக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்பது, அது தானாக இறங்கியபோதுதான் தெரிந்தது.

ரோடு சரிவாக இறங்கியது. சரிவின் கீழே, பெரிய மரத்தடியில் தோட்டத்து முனீஸ்வரன் கோவில். கோவில் என்றால் தகரக் கூரை, மஞ்சள் துணி சுற்றிய வேல், சுருட்டுச் சாம்பல், அவ்வளவுதான். நான் மிதிப்பதை நிறுத்தி, கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக் கும்பிட்டேன். அந்த நேரம் பார்த்து என் முதுகுக்குப் பின்னால், தொட்டுவிடும் தூரத்தில், ஹார்ன் அலறியது.

பிறகு நான் லோங்காங்குக்குள் கிடந்தேன். காய்ந்த மட்டைகள் குவிந்திருந்ததால் பிழைத்தேன். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. சைக்கிள் மேலே ரோட்டில் கிடந்தது, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் பிக்கப் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் விளிம்பில் நின்றார்.

"சாமிக்கு அடிச்சேம்மா," என்றார். "கை தானா போயிருச்சு."

முனீஸ்வரன் கோவிலைத் தாண்டும்போது எங்கள் டிரைவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அதுதான் வணக்கம். அடிக்காமல் போனால் வழித்துணைக்கு அவர் வர மாட்டார் என்று நம்பிக்கை. லோரி ஓட்டிய காலத்தில் அண்ணன் ஒரு கோவிலையும் ஹார்ன் அடிக்காமல் தாண்டியதில்லை. அது எனக்கும் தெரியும். தெரியாதது வேறு.

"சத்தம் கேக்காம வர்றேன்னு சொன்னீங்களே, எப்படி இவ்வளவு கிட்ட வந்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிவுதானே. என்ஜின ஆஃப் பண்ணிட்டு உருட்டிக்கிட்டே வந்தேன். உனக்குச் சத்தம் கேக்கக்கூடாதுன்னுதான்."

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் அச்சுக்கு ஆகாது. என்னென்னவோ கத்தினேன். அடித்துவிட்டு நிற்காமல் போனவனுக்குச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் நின்றுகொண்டிருந்த இந்த மனிதர் தலையில் கொட்டினேன். என்னை ஏன் யாரும் ஒரு காலை நேரம் சும்மா விட மாட்டேன் என்கிறீர்கள், சாயங்காலம் சைக்கிளைத் தூக்கிக் கொடுக்கப் போகிறேன், அதற்கு நீங்கள்தான் காரணம் என்றேன். அவர் தைலப் பெட்டியை எடுத்து வந்தார். நான் வாங்கவில்லை.

திரும்பிப் போகலாம் என்றார். மாட்டேன் என்றேன். ரோட்டின் கடைசியில் மலையடிவாரத்தில் பழைய புகைபோக்கி ஒன்று நிற்கிறது. ரப்பர் தாள்களைப் புகை போட்டு உலர்த்திய கட்டடம் இடிந்துபோய், அது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே போவதாகத்தான் திட்டம். ஓட்டிக்கொண்டு போக முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு போகிறேன். நொண்டி நொண்டி நடந்தேன். பிக்கப் பின்னால் ஊர்ந்து வந்தது. நடப்பவளுக்கு இறங்க வேறு இடம் இல்லாததால் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டேன்.

புகைபோக்கியின் விரிசலில் ஆலஞ்செடி முளைத்திருந்தது. கீழே பாறைகளுக்கு நடுவில் சன்னமாகத் தண்ணீர் ஓடியது. அண்ணன் மடக்கு நாற்காலியை எனக்கு விரித்துப் போட்டார், குடையைச் சாய்த்துக் கட்டினார், பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தார். இதைத்தான் பட்டர்வொர்த்தில் கேலியாகப் பார்த்தேன். பசி என் மானத்தை வாங்கிவிட்டது. சம்பாலைத் தொட்டுத் தின்றுகொண்டே முறைத்தேன்.

அவர் சாப்பிடவில்லை. புகைபோக்கியைப் பார்த்தபடி பேசினார்.

"அன்னிக்கு மாப்பிள்ள போன் பண்ணி, அடிபட்டுருச்சு, நினைவு இல்லன்னு சொன்னாரு. காடிய எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன். பாலத்துல ஜேம். ஒரு காடியும் நகரல. முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. ஹார்ன் அடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். எல்லாரும் திட்டினாங்க. நான் வர்றதுக்குள்ள நீ இருப்பியா இருக்க மாட்டியான்னு தெரியல. அப்பத்தான் நெனச்சேன், இனி இது எங்க போனாலும் நான் பக்கத்துலயே இருக்கணும், தூரத்துல இருக்கக்கூடாதுன்னு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நன்றாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன், அதையும் கெடுத்துவிட்டார். இப்போது இவரிடம் எப்படிக் கத்துவது?

"அண்ணே," என்றேன், "நான் ஏன் இறங்குறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பயம்தானே?"

"பயம்தான். காடி என்னைத் தாண்டிப் போனப்புறம்தான் என்னால ஏற முடியும். நீங்க தாண்டவே மாட்டேங்கிறீங்க. நாள் பூரா பின்னாடியே நின்னா நான் நாள் பூரா நிக்கணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப நான் முன்னாடி போறேன்," என்றார். "நீ ஓரமா எறங்கி நின்னுக்க. தாண்டிட்டுப் போயிர்றேன்."

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இறங்கி நிற்பதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்? அதைத்தான் வீட்டு வாசலில் தினமும் செய்கிறேனே.

"நிக்க மாட்டேன். ஓட்டிக்கிட்டே இருப்பேன். நீங்க தாண்டுங்க."

"வெளையாடுறியா? இந்த ரோட்டுல ஒரு காடிதான் போவும். லேசா பட்டுச்சுன்னா?"

"நீங்கதான பக்கத்துல இருக்கணும்னு சொன்னீங்க?"

அவர் கையைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டு காடியில் ஏறினார். நான் முட்டியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறி வந்த வழியே திரும்பினேன். பின்னால் என்ஜின் உயிர் பெற்றது.

முதல் தடவை இறங்கிவிட்டேன். கை கேட்கவில்லை. அவர் பின்னோக்கிப் போய், மறுபடி முதலிலிருந்து வந்தார். அடுத்த தடவை நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன், என் பக்கத்தில் வந்ததும் அவர் பயந்து பிரேக்கை மிதித்துவிட்டார். சரளை தெறித்தது, நான் மறுபடி தரையில். கண்ணாடியை இறக்கி, "எனக்கு நெஞ்சு அடைக்குதும்மா, வேணாம்," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு கிழடுகள் நடுத் தோட்டத்தில் செய்கிற காரியமா இது? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ஆனால் சாயங்காலம் அந்த ஆள் வந்து என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதை நினைத்தேன்.

"இன்னொரு வாட்டி," என்றேன். "ஹார்ன் அடிச்சிட்டு வாங்க."

"ஹார்னா?"

"அடிங்கண்ணே. வர்றது நீங்கன்னு எனக்குத் தெரியணும்."

ஓட்டினேன். சத்தம் பின்னால் கிளம்பியது, வளர்ந்தது. விரல்கள் பிரேக் மேல் போய் உட்கார்ந்தன. ஹார்ன் அடித்தது, சின்னதாக, கதவைத் தட்டுகிற மாதிரி. காலிடம், நீ மட்டும் மிதித்துக்கொண்டே இரு என்று கெஞ்சினேன். வெப்பக் காற்று தொடையில் பட்டது, பெரிய டயர் முட்டிக்குப் பக்கத்தில் சரளையை நெரித்துக்கொண்டு உருண்டது, பிறகு கதவு, பிறகு அண்ணனின் முகம். மூச்சை அடக்கிக்கொண்டு வியர்வை வழிய நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார், ஓட்டத் தெரியாத ஆள் பரீட்சை எழுதுகிற மாதிரி. பிறகு பிக்கப்பின் பின்பக்கம், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலியின் கால்கள். பிறகு புழுதி.

கண்ணெல்லாம் செம்மண். இருமினேன், துப்பினேன், ஒன்றும் தெரியாமல் திட்டிக்கொண்டே மிதித்தேன். கால் தரையைத் தொடவில்லை.

திரும்பும் வழி முழுக்க அவர் முன்னால், நான் அவர் கிளப்பிய புழுதிக்குள். ஒவ்வொரு வளைவிலும் நின்று கண்ணாடியில் என்னைத் தேடினார். மலை, ரப்பர் மரம், எல்லைக் கல் எதையும் நான் பார்க்கவில்லை. வீடியோவில் இப்படியா இருந்தது? கோவில் சரிவு வந்ததும் பிக்கப் வேகம் குறைந்தது. ஹார்ன் அடிக்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்து கும்பிடுகிற மாதிரி உயர்ந்தது. சாமிக்கு மரியாதை குறையக்கூடாதே என்று நான் என் சைக்கிள் மணியை அடித்துவிட்டுத் தாண்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வாசலில் கைப்பேசியோடு நின்றிருந்தார். என் தலைமுடி, சட்டை, செருப்பு எல்லாம் ஒரே நிறம். நான் சைக்கிளை ஹாலுக்குக் கொண்டுபோகாமல் வாசல் கதவுக்குப் பக்கத்தில் சாத்தி, பூட்டினேன். காலையில் எடுக்க அதுதான் வசதி.

"முட்டியில என்ன?"

"விழுந்தேன்."

"காடி இல்லாத ரோடுன்னு சொன்ன, அங்கயும் விழுந்தியா?" அவர் பெருமூச்சு விட்டுக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார். "அந்த ஆளு ரெண்டு தரம் கூப்பிட்டுட்டாரு. வரச் சொல்லட்டா?"

"காடி இருந்துச்சுங்க," என்றேன். "என்னைத் தாண்டிப் போயிருச்சு."